டவர் இருக்கும்வரை

மார்ச் 3, செவ்வாய்

ஆபரேஷனின்போது உடலில் ஏற்றும் ஒளிரும் சாயத்தைத் திரையில் காட்டும் கேமரா டவர் வந்துவிட்டது. 13-ம் தேதி திருப்பி எடுத்துப் போகிறார்களாம்.

மார்ச் 4

முதலில் கலவை. குப்பியில் 25 மி.கி. ஐ.சி.ஜி. (இண்டோசயனின் கிரீன், அந்தச் சாயம்), பொடியாக. ஸ்டெரைல் வாட்டர் 10 மி.லி. விட்டால் மி.லி.க்கு 2.5 மி.கி. கரைக்கச் சலைன் கூடவே கூடாது. உப்பு பட்டால் சாயம் திரண்டுகொள்ளும், ஒளிர்வு மங்கும். “அப்போ சாயம் ஏத்தினப்புறம் குழாயைக் கழுவிவிடுற ஃபிளஷ் மட்டும் சலைன்ல பண்றோமே சார்?” என்று சிஸ்டர் கேட்டது நல்ல கேள்வி. ரத்தத்தில் இறங்கியதுமே சாயம் புரதத்தைப் பிடித்துக்கொள்கிறது. அப்புறம் உப்பால் அதை ஒன்றும் செய்ய முடியாது. குப்பிக்குள் அந்தக் காவல் இல்லை. கலந்ததை 6 மணி நேரத்துக்குள் தீர்க்க வேண்டும். சிரிஞ்சில் மணி எழுதி ஒட்டணும். மருந்தில் சோடியம் அயோடைடு உண்டு, அயோடின் அலர்ஜி விசாரிக்காமல் ஏற்றக் கூடாது.

மார்ச் 5

பித்தப்பை கேஸ். சாயம் எத்தனை மணிக்குப் போட்டார்கள்? கேஸ் ஷீட்டில் இல்லை.

கேமராவைத் திருப்பியதும் விடை தெரிந்துவிட்டது. கல்லீரல் முழுக்க டியூப்லைட் போட்ட மாதிரி, பித்தநாளம் அந்த வெளிச்சத்தில் கரைந்து போயிருந்தது. மேசைக்கு வந்தபிறகு போட்டிருக்கிறார்கள். சாயம் வெளியேற ஒரே வழி கல்லீரல்தான். அங்கிருந்து பித்தத்தில் இறங்க நேரம் கொடுக்கணும். 2.5 மி.கி., குறைந்தது 45 நிமிடம் முன்பு. சில மணி நேரம் முன்பே போட்டால் இன்னும் நல்லது, கல்லீரல் மங்கி நாளம் எடுப்பாகத் தெரியும். ஆபரேஷன் லிஸ்ட் தள்ளிப்போனாலும் பாதகமில்லை. வார்டிலேயே போட்டு அனுப்பலாம், மணி மட்டும் எழுதினால் போதும்.

இன்னொன்று. இருட்டாக இருப்பதால் அங்கே நாளம் இல்லை என்று ஆகாது. இந்த ஒளி திசுவுக்குள் 5 முதல் 10 மி.மீ. வரைதான் எட்டும், கொழுப்பு தடித்திருந்தால் ஒன்றும் தெரியாது. சிஸ்டிக் டக்டில் (பித்தப்பையிலிருந்து வரும் குழாய்) கல் அடைத்திருந்தால் பித்தப்பைக்குள் சாயம் போகாது. கொழுப்பை விலக்கி, மறுபடி பார்த்து, மறுபடி விலக்கி... கத்தரிக்கும் முன் வழக்கமான பரிசோதனை எதையும் விடக் கூடாது.

மார்ச் 6

ஓபன் கேஸ். அதன் வெளிச்சத்தில் சாயத்தின் ஒளி தெரியாது, மேல் விளக்கை அணையுங்கள் என்று எத்தனை தரம் சொல்வது!

மார்ச் 9, திங்கள்

குடலை வெட்டி இணைக்கும் கேஸ். இங்கே கணக்கு தலைகீழ். வெட்டும் இடம் முடிவானபிறகுதான் சாயம். 5 மி.கி., பின்னாலேயே 10 மி.லி. சலைன் ஃபிளஷ், கையில் ஸ்டாப்வாட்ச். பெரும்பாலும் ஒரு நிமிடத்துக்குள் குடல் ஒளிர ஆரம்பிக்கும். பி.பி. இறங்கியிருந்தால் தாமதமாகும், அதற்காகக் குடலைக் குறை சொல்லக் கூடாது.

முதல் ஒளிர்வு எங்கே வந்து நிற்கிறது என்பதுதான் சேதி. அந்த நேரத்தில் எல்லை கோடு கிழித்தது மாதிரி இருக்கும். அங்கேயே குறி வைத்துவிடணும். பேசிக்கொண்டே சில நிமிடம் விட்டால் ரத்தம் சரியாகப் போகாத நுனிக்கும் சாயம் பக்கவாட்டில் கசிந்து அதுவும் ஒளிரும். அந்தப் பச்சையை நம்பித் தைத்தால் கசிவுதான். சந்தேகத்தில் உடனே இரண்டாவது டோஸ் போடுவதும் பயனில்லை, பழைய ஒளி வடிய கால் மணி நேரமாவது விடணும்.

திரையில் காணும் பச்சையே கம்ப்யூட்டர் பூசுவதுதான். சாயம் உமிழ்வது 830 நானோமீட்டர் பக்கம், வெறுங்கண்ணுக்குப் படாது. கேமராவை நெருக்கினால் மங்கலான இடமும் பிரகாசமாகிவிடும். தூரத்தை மாற்றாமல், நல்ல குடலையும் அதே பிரேமில் வைத்துத்தான் ஒப்பிடணும்.

மார்ச் 10

சாயம் ஏற்றுமுன் அனஸ்தீசியாவுக்குச் சொல்லிவிடணும். மானிட்டரில் சாச்சுரேஷன் (ரத்த ஆக்சிஜன் அளவு) சற்று நேரம் பொய்யாக இறங்கலாம்.

மார்ச் 11

அடுத்த தியேட்டரில் கிளையோமா, மூளைக்கட்டி. அதற்கு வேறு மருந்து, 5-ஏ.எல்.ஏ.: கிலோவுக்கு 20 மி.கி., வாய்வழி, மயக்கத்துக்கு 3 மணி நேரம் முன்பு. நீல ஒளியில் கட்டி சிவப்பாக ஒளிரும். 2006-ல் வந்த ஜெர்மனி ஆய்வில் கட்டியை முழுதாக எடுக்க முடிந்தது 65 சதவீதம் பேருக்கு. சாதாரண வெளிச்சத்தில் 36. குடல் இணைப்பில் ஐ.சி.ஜி.க்கு இவ்வளவு பளிச்சென்ற கணக்கு கிடையாது. 2021-ல் வந்த அமெரிக்க ஆய்வில் சாயத்தோடு கசிவு 9.0 சதவீதம், சாயம் இல்லாமல் 9.6. கிளையோமாவிலும் மணிதான் பிரச்சினை. லிஸ்ட் முன்னுக்குப் பின் ஆனால் டோஸ் வீண். பேஷண்ட்டை 24 மணி நேரம் வெயில் படாமல் வைக்கணும், ஜன்னலோரப் படுக்கை கொடுத்திருக்கிறார்கள்!

மார்ச் 12

நாளை கல்லீரல், கடைசி கேஸ். எடுக்கப்போகும் பகுதிக்குப் போகும் ரத்தக்குழாயை முதலில் கிளாம்ப், அப்புறம் 2.5 மி.கி. மற்றதெல்லாம் ஒளிரும், எடுக்க வேண்டியது இருட்டாக நிற்கும். ஆனால் கல்லீரல் திறன் பார்க்க இதே சாயத்தை முன்பே கிலோவுக்கு 0.5 மி.கி. ஏற்றியிருக்கிறார்கள். அது வடியாமல் இருந்தால் கிளாம்ப் போட்ட பகுதியும் ஒளிரும், எல்லையே கிடைக்காது. எந்தத் தேதியில் ஏற்றினார்கள் என்று வார்டுக்குப் போன் போட்டேன். ஷீட்டைத் தேடுகிறார்களாம்.