உப்புவெளியில் ஒரு மொரிஸ் மைனர்

2025 ஜூலை 12, சனி

காலையில் கொழும்பிலிருந்து ஓர் அழைப்பு. பழைய கார் வாங்கி விற்பவர். கொட்டிலில் நிற்கும் என் மொரிஸ் மைனரைப் பற்றி யாரோ சொல்லியிருக்கிறார்கள். அவர் முதலில் கேட்டது, காரின் பதிவுப் புத்தகம் கையில் இருக்கிறதா என்று. அடுத்தது, இலக்கத் தகடு சிங்கள ஸ்ரீ எழுத்துள்ள பழைய தகடுதானா என்று. இரண்டுக்கும் ஆம் என்றேன். ஆறு லட்சம் தரலாம் என்றார்.

2014இல் திருகோணமலை உவர்மலையில், ஓய்வுபெற்ற தபாலதிபர் ஒருவரின் மனைவியிடம் 1,60,000 ரூபாய்க்கு வாங்கியது. 1959 மொடல், நான்கு கதவு. 1990இல் மாமரத்தடியில் விட்டுவிட்டு ஊரைவிட்டு வெளிக்கிட்டவர்கள் திரும்பி வந்து பார்த்தபோது சில்லு நான்கும் இல்லை, சீற் இல்லை, ஒரு கண்ணாடிகூட மிஞ்சவில்லை. கூடு மட்டும் நேராக நின்றது. அந்த நேர் நிலையைப் பார்த்துத்தான் வாங்கினேன்.

"ரெண்டு கிழமை தாங்கோ, யோசிச்சுச் சொல்லுறன்" என்றேன். பதினொரு வருடமாக யார் கேட்டாலும் உடனே இல்லை என்று சொல்லிப் பழகிய வாய். இன்றைக்கு ஏன் தவணை கேட்டது என்பதுதான் நாள் முழுக்க மனதில் ஓடிக்கொண்டிருக்கிறது.

ஜூலை 13, ஞாயிறு

விடியவே படங்கை இழுத்துப் போட்டுவிட்டு, கொப்பியும் பேனையுமாகக் கொட்டிலுக்குள் உட்கார்ந்தேன். எது முடிந்தது, எது முடியவில்லை என்று ஒருமுறையாவது நேர்மையாக எழுதிப் பார்க்க வேண்டும்.

முடிந்தது எஞ்சின். 948 சீசீ, ஏ சீரிஸ். ஒஸ்ரின் கம்பனி 1951இல் தன் சின்னக் காருக்கென்று கொண்டுவந்த எஞ்சின் வகை இது. அடுத்த வருடம் ஒஸ்ரினும் மொரிஸும் ஒரே நிறுவனமாகிவிட, மைனருக்குள்ளும் வந்தது. 1956இல் 948 சீசீ ஆனது. அதே வகை, வேறு வேறு அளவுகளில், 2000ஆம் ஆண்டுவரை மினி காரில் ஓடிக்கொண்டிருந்தது. என்னுடையதற்குச் சிலிண்டர்த் துளைகளைப் போர் எடுத்து, கிராங்க் கடைந்து, பிஸ்டன், ரிங், பெயாரிங் எல்லாம் புதிது போட்டேன். பாதிச் சாமான் கொழும்புப் பஞ்சிகாவத்தையில் உதிரிச் சாமான் கடை கடையாக ஏறி இறங்கிச் சேர்த்தது. 2018 தை மாதம் மரச்சட்டத்தில் ஏற்றி, கைப்பிடியால் சுற்றினேன். மூன்றாவது சுற்றில் பிடித்துக்கொண்டது. அப்பா கதிரையில் இருந்து கேட்டுக்கொண்டிருந்தார். "தையல் மெசின் மாதிரி ஓடுது" என்றார். அதற்குப் பிறகு ஒவ்வொரு மாதமும் பிளக்கைக் கழற்றி நான்கு துளையிலும் கொஞ்சம் ஒயில் விட்டு, கையால் சுற்றி வைக்கிறேன். ஒரு மாதமும் தவறவில்லை.

முடியாதது கூடு. இந்தக் காருக்குத் தனியாகச் சட்டகம் என்று ஒன்று இல்லை. தகட்டை மடித்து ஒட்டிய கூடுதான் எலும்பும் தோலும். ஆகவே அடித்தகட்டில் கறள் என்றால் அது பார்வைக்கு மட்டும் உரிய குறை இல்லை. முன்சீற்றுக்குக் கீழே குறுக்காக ஓடும் பெட்டித் தகட்டில்தான் முன்சில்லுகளைத் தாங்கும் முறுக்குக் கம்பிகளின் பின்முனை பொருந்துகிறது. அது போனால் காரின் முன்பக்கம் எதைப் பிடித்துக்கொண்டு நிற்கும்? ஸ்குரூ டிரைவரால் மெல்ல அழுத்தினேன். உள்ளே போய்விட்டது. சாரதி பக்கத்து நீளத் தகட்டிலும் அதே கதை. பிரேக்கின் மாஸ்ரர் சிலிண்டர் அந்தத் தகட்டுக்கு உள்ளேதான் இருக்கிறது.

2019இல் இதே கொப்பியில் எழுதியிருக்கிறேன்: "இடப்பக்க அடித்தகடு, ஐந்து ரூபாய்க் குற்றி அளவு ஓட்டை." இன்றைக்கு என் கை மணிக்கட்டு வரை போகிறது.

ஊரின் பெயரிலேயே உப்பு இருக்கிறது. கடற்கரை எங்கள் ஒழுங்கையிலிருந்து முந்நூறு மீற்றர். மாரியில் வாடைக்காற்று நேரே கடலிலிருந்து கொட்டிலுக்குள் வரும். 2019 சித்திரைக் குண்டுவெடிப்புகளுக்குப் பிறகு வேலை நின்றது, 2020இல் ஊரடங்கு, 2022இல் மோட்டார் சைக்கிளுக்கே பெற்றோல் இல்லாமல் வரிசையில் இரவு படுத்திருந்தோம். காரணங்கள் எல்லாம் உண்மைதான். கறளுக்கு அவை தெரியாது.

விற்பதா, வைத்திருப்பதா என்று என்னையே கேட்டுக்கொண்டிருந்தேன். இந்தக் கொப்பியைப் பார்த்தால் நான் இரண்டையும் செய்யவில்லை. விட்டுவைத்திருந்தேன். எஞ்சினை மட்டும்தான் வைத்திருந்தேன்.

ஜூலை 16, புதன்

குசினிக் கூரைச் சீற் இரண்டு இடத்தில் வெடித்துவிட்டது. மனைவி விஷயத்தை ஒரே வரியில் முடித்தார். "இஞ்ச பாருங்கோ, காரை வில்லுங்கோ எண்டு நான் சொல்லமாட்டன். ஐப்பசி மழைக்கு முதல் கூரை மாறோணும்." அவருடைய சீட்டு புரட்டாதியில் விழும். கூரைக்கு அது போதும். ஆனால் அதற்கு மேல் வீட்டுக் காசிலிருந்து ஒரு ரூபாய்கூடக் காருக்குப் போகாது. நியாயம்தான்.

ஜூலை 24, வியாழன்

ஆடி அமாவாசை. அப்பாவுக்கு விரதம். காலையில் கோணேசர் கோயிலுக்குப் போய்வந்தோம். கோட்டைக்குள் மான்கள் வழியை மறித்துக்கொண்டு நின்றன. மத்தியானம் காத்தோட்டிக்காய்க் கறியோடு படையல். கொட்டில் பக்கம் போகவில்லை.

ஜூலை 27, ஞாயிறு

கிண்ணியாவிலிருந்து, கார்த் தகடு ஒட்டி நிமிர்த்தும் டிங்கர் நானா வந்தார். வயது எழுபத்தொன்று. பதினாலு வயதில் சுத்தியல் பிடித்தவர். கிண்ணியாப் பாலம் 2009இல்தான் திறந்தது. அதற்கு முன்னெல்லாம் கார்களைப் பாதையில், அதாவது ஆளையும் வாகனத்தையும் ஏற்றும் மிதவையில், ஏற்றி இறக்கி வேலைக்குக் கொண்டுபோவார்கள். பாதையிலிருந்து இறங்கும்போது அடிபட்டு வந்த கார்கள் எத்தனையோ தன் கையால் நிமிர்ந்தன என்று சொன்னார்.

அவர் கார் பார்க்கும் முறையை எழுதி வைக்க வேண்டும். பெயின்ற்றைப் பார்க்கவே இல்லை. முதலில் நான்கு கதவையும் திறந்து திறந்து மூடினார். கதவு இடைவெளி மேலேயும் கீழேயும் ஒரே அளவா என்று விரலை விட்டுப் பார்த்தார். "கூடு தொங்கல்ல" என்றார். பிறகு சாக்கை விரித்து அடியில் படுத்து, சின்னச் சுத்தியலால் தட்டிக்கொண்டே போனார். நல்ல தகடு மணி மாதிரிச் சத்தம் தரும். கறள் தின்ற இடம் பழைய தகரப்பேணி மாதிரிச் சொத்தென்று விழும். கண்ணை மூடிக்கொண்டு காதால் பார்த்தார் என்றுதான் சொல்ல வேண்டும். நான் சோக்கட்டியால் அவர் சொன்ன இடமெல்லாம் கோடு போட்டேன்.

எழும்பி வந்து பொனற்றின் நடுவே நீளமாக ஓடும் தட்டைப் பட்டையை விரலால் தடவினார். "இது பொறகு வச்சுக் கூட்டின துண்டு மாதிரியெல்லோ கிடக்கு" என்றார். எனக்குப் புல்லரித்துவிட்டது. அது உண்மையிலேயே கூட்டின துண்டு. இந்தக் காரை வடிவமைத்த அலெக் இசிகோனிஸ், 1948இல் கார் வெளிவருவதற்குச் சற்று முன், மாதிரிக் கார் ஒடுங்கிப்போய்த் தெரிகிறது என்று அதை நீளவாக்கில் இரண்டாக அறுக்கச் சொன்னார். பாதிகளை விலக்கி விலக்கி வைத்துப் பார்த்து, நான்கு அங்குலத்தில் நிறுத்தினார். அந்த நாலங்குலம்தான் பொனற்றுப் பட்டை. நானா இதை எங்கும் வாசித்தவர் இல்லை. கை கண்டுபிடித்தது.

கணக்கு: 18 கேஜ் தகடு, காஸ், கூலி, அடிப்பூச்சு எல்லாமாக 2,60,000. ஐந்து கிழமை வேலை.

"நானா, வித்தா என்ன?" என்று கேட்டேன்.

"விக்கிறதெண்டா இப்ப வில்லுங்க தம்பி. செய்யிறதெண்டா மாரிக்கு முந்திச் செய்யோணும். இன்னொரு மாரி பட்டா எனக்கு ஒட்டுறதுக்குத் தகடு இருக்காது. ஓட்டையோட ஓட்டையை ஒட்டேலாது."

ஆகஸ்ட் 3, ஞாயிறு

கொழும்புக்காரர் வந்து பார்த்தார். மரியாதையான மனிதர். இலக்கத் தகட்டைப் படம் எடுத்தார், அடிச்சட்ட இலக்கத்தைப் புத்தகத்தோடு ஒப்பிட்டார். 1957, 58இல் வாகனங்களில் சிங்கள ஸ்ரீ எழுத்து வந்தபோது வடக்கு கிழக்கில் அதற்குத் தார் பூசிப் போராடினார்கள். இன்றைக்கு அதே எழுத்துத் தகட்டுக்குத்தான் விலை. காலில் மிதிக்கும் விரிப்பை அவர் தூக்கிப் பார்க்கவே இல்லை. எஞ்சின் மேல் போட்டிருந்த துணியை நானே விலக்கிக் காட்டினேன். "சரி, நல்லது" என்றார்.

ஆறரை லட்சம் வரை ஏறினார். காரை என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். வாங்கும் ஆளைப் பொறுத்தது என்றார். அதில் பொய் எதுவும் இல்லை. ஆனால் தட்டிப் பார்க்காத ஒருவர் இந்தக் கூட்டை ஒட்ட மாட்டார். புத்தகமும் தகடும் ஒரு பக்கம் போகும், கூடு பழைய இரும்புக்குப் போகும் என்றுதான் என் மனம் சொல்கிறது.

இரவு நித்திரை வரவில்லை. ஆறரை லட்சம் சின்னக் காசு இல்லை.

ஆகஸ்ட் 9, சனி

மூதூரிலிருந்து ஓர் இளம் ஆசிரியர் வந்தார். அவரிடமும் ஒரு மைனர் இருக்கிறது. அவருடையதற்குக் கூடு அருமை: கடலுக்குத் தள்ளி, கல்லால் கட்டிய கராஜுக்குள் வளர்ந்த கார். எஞ்சின்தான் நீலப் புகை கக்குகிறது. என்னிடம் உதிரிச் சாமான் ஏதும் கிடைக்குமா என்று பார்க்க வந்தவர். எஞ்சினைக் கண்டதும் பேச்சு நின்றுவிட்டது. கைப்பிடியைக் கொடுத்தேன். சுற்றிப் பார்த்தார். ஒவ்வொரு சிலிண்டரும் ஒரே பலத்தோடு எதிர்த்துக் கொடுத்தது.

"அண்ணா, தப்பா நினைக்கவேண்டாம். 2,80,000 தாறன். என்ர எஞ்சினையும் வச்சுக்கொள்ளுங்கோ. புகைக்குது, ஆனா ஓடும்."

முடியாது என்று சொல்லி, தேத்தண்ணி கொடுத்து அனுப்பினேன்.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

2,60,000. 2,80,000. இரண்டு எண்ணும் விடியும்வரை பக்கத்தில் பக்கத்தில் நின்றன.

ஆகஸ்ட் 14, வியாழன்

நான்கு நாளாக ஒன்றும் எழுதவில்லை. இன்று எழுதிவிடுகிறேன்.

இந்த எஞ்சின் வகை இன்னும் கிடைக்கும். புகைக்கும் எஞ்சினைக் கழற்றி, இன்னொருமுறை போர் எடுத்து, மீண்டும் கட்டலாம். வழி எனக்குத் தெரியும், ஒருமுறை நடந்த வழி. இரண்டு வருடம் எடுத்தாலும் அது பெட்டிக்குள் ஒயிலில் கிடந்து பொறுக்கும். கூடு பொறுக்காது. நானாவின் கையும் எத்தனை வருடம் பொறுக்கும் என்று நான் கேட்க முடியாது.

அப்பா கேட்ட சத்தம் அந்த எஞ்சினில் இருக்கிறது. அதை எழுதாமல் விட்டால் இந்தக் குறிப்பு பொய்யாகிவிடும். ஆனால் ஏழரை வருடமாக அந்தச் சத்தம் ஒரு துணிக்குக் கீழே மரச்சட்டத்தில் நிற்கிறது. மூதூரில் அது வீதியில் ஓடும்.

மனைவியிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். "நீங்க முடிச்ச ஒரே சாமானையோ குடுக்கிறீங்க?" என்றார். ஓம் என்றேன். "அப்ப மாரிக்கு முதல் அடித்தகடு முடியோணும். முடியாட்டி தையில காரை விக்கிறது. சொல்லிப்போட்டன்." அதற்கும் ஓம் என்றேன்.

கொழும்புக்காரருக்கு அழைத்து, விற்கவில்லை என்று சொன்னேன். மனம் மாறினால் அழையுங்கள் என்றார்.

ஆகஸ்ட் 23, சனி

எஞ்சின் போய்விட்டது. மூதூர்த் தம்பி ஒரு பட்டா லொறியோடு வந்தார். நான்கு பேராகச் சங்கிலியில் தூக்கி ஏற்றினோம். புத்தகத்தில் எஞ்சின் இலக்கம் மாற்றுவதற்கான கடிதங்களில் இருவரும் கையெழுத்துப் போட்டோம். மோட்டார் போக்குவரத்துத் திணைக்கள வேலையை அவரவர் பார்க்க வேண்டும். எந்த ஒயில் விட்டேன், வால்வ் இடைவெளி எவ்வளவு, எந்தத் துவாரத்துக்கு எந்தப் போல்ற் என்று நான் எழுதி வைத்திருந்த ஏழு பக்கத்தையும் கொடுத்தேன். லொறி ஒழுங்கை முடக்கில் திரும்பும்வரை நின்றேன்.

அவருடைய எஞ்சின் கறுத்துப்போய் மூலையில் கிடக்கிறது. பிளக்கைக் கழற்றி ஒயில் விட்டேன்.

ஆகஸ்ட் 31, ஞாயிறு

நானா காலை ஏழு மணிக்கே வந்துவிட்டார். மகன் காஸ் சிலிண்டரை ஆட்டோவில் ஏற்றிவந்தார். நெருப்பு வைப்பதற்கு முன் பெற்றோல் தாங்கியைக் கழற்றி வெளியே வைக்கச் சொன்னார். அதை நேற்றே கழற்றிக் கிணற்றடியில் வைத்துவிட்டேன் என்றதும் தலையாட்டினார்.

வெட்டுவதற்கு முன் கதவு வாசலுக்குக் குறுக்கே இரும்புக் குழாய் வைத்து ஒட்டினார். அடித்தகடு போகும்போது கூடு விரியாமல் இருக்க அது வேண்டுமாம். அப்புறம்தான் இடப்பக்கம். பதினொரு மணியளவில் முதல் துண்டு வெளியே வந்தது. மடியில் வைக்கும் அளவு. தூக்கியபோதே விளிம்பு தூளாகக் கொட்டியது. அதை மட்டை மேல் வைத்துக் கோடு கிழித்து, மட்டையை வெட்டி, ஓட்டைக்குள் பொருத்திப் பார்த்தார். ஒரு மூலை இடித்தது. எடுத்து, அரை விரற்கடை குறைத்து, மறுபடி வைத்தார்.

"சரி தம்பி, தகட்டைக் கொண்டுவாங்க" என்றார்.