பத்தொன்பது பேர்

திருப்பூரில் பனியன் தைக்கும் ஒரு ஜாப் ஒர்க் யூனிட்டில் நாலு வருஷம் கணக்கு எழுதினேன். மேஜையில் இரண்டு நோட்டு. அதிகாரி வந்தால் காட்டும் பதிவேட்டில் 19 பெயர். சனிக்கிழமை சம்பளம் போடும் நீள நோட்டில் 43.

20 பேர் ஆனால் பி.எஃப். கட்ட வேண்டும். அதனால் 19.

முதலாளியைத் திருடன் என்று சொல்ல எனக்கு வாய் வராது. அவரும் ஓவர்லாக் மெஷினில் உட்கார்ந்து மேலே வந்தவர்தான். பீஸுக்கு இவ்வளவு என்று எக்ஸ்போர்ட் கம்பெனி கூலி பேசும்போது, பி.எஃப்.புக்கான 12 சதவீதத்தை யாரும் சேர்த்துப் பேசுவதில்லை. ஒழுங்காகக் கட்டுகிறவருக்கு விலை கட்டாது, அவ்வளவுதான்.

ஆனால் அந்த 19 எங்களையே கட்டிப்போட்டது. புது மெஷினுக்கு பேங்க் லோன் கேட்டால் உண்மைக் கணக்கைக் காட்ட வேண்டும். காட்டினால் நீள நோட்டு வெளியே வரும். பெரிய ஆர்டர் வந்தபோது இருக்கும் யூனிட்டைப் பெரிதாக்காமல், இரண்டு தெரு தள்ளி மச்சினன் பெயரில் இன்னொரு ஷெட் போட்டார். அங்கேயும் பழைய மெஷின்தான். புது ஆளுக்குத் தொழில் பழக்கவும் மனசில்லை. தீபாவளி போனஸோடு ஊருக்குப் போகிற டெய்லர் திரும்பி எந்தக் கம்பெனிக்கு வருவாரோ! இந்தியாவில் உழைப்பவர்களில் ஏறக்குறைய பத்தில் ஒன்பது பேர் இப்படிப் பதிவேட்டில் பெயர் ஏறாதவர்கள்தான். வளர்ச்சி பற்றி யார் பேசினாலும் எனக்கு அந்த இரண்டாவது ஷெட் ஞாபகம் வரும்.

2016 நவம்பர் 8, செவ்வாய் இரவு, 500, 1000 ரூபாய் செல்லாது என்றார்கள். சனிக்கிழமைச் சம்பளத்துக்கு முதலாளி கையில் இருந்ததெல்லாம் அந்தத் தாள்தான். மூன்றாம் வாரம் நீள நோட்டில் 11 பெயரை நானே அடித்தேன். வேலையை விட்டு நிறுத்தக் கடிதம் எதற்கு, சேர்த்ததற்கே கடிதம் இல்லாதபோது?

அந்த நிதியாண்டில் நாட்டின் பொருளாதார வளர்ச்சி 7.1 சதவீதம் என்று பேப்பரில் வந்தது, பிறகு 8.2 என்று திருத்தினார்கள். பதிவான கம்பெனிகளின் போக்கை வைத்தே பதிவாகாத தொழில்களையும் ஊகிக்கிறார்கள் என்று பொருளாதார அறிஞர்கள் சிலர் குறை சொன்னார்கள். நான் அடித்த 11 பெயர் எந்தக் கணக்கிலும் குறைந்திருக்க வழியில்லை. இருந்தால்தானே குறைய.

அந்தப் 11 பேரில் செக்கிங் அக்கா ஒருவர் சில மாதம் கழித்து வந்தார். "தம்பி, எட்டு வருஷம் இங்க வேல பாத்தேன்னு ஒரு கடுதாசி குடுங்க. புள்ள படிப்புக்கு லோன் கேட்டா, பேங்க்ல வருமானத்துக்கு ஆதாரம் கேக்கறாங்க."

லெட்டர்பேடை எடுத்து, மூடி வைத்துவிட்டு, வெள்ளைத் தாளில் எழுதிக் கொடுத்தேன். திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"சீல் இல்லீங்களா தம்பி?"