பிரிலிம்ஸ் எழுதப்போற தம்பி தங்கைகளுக்கு

ஐபிபிஎஸ் பிஓ பிரிலிம்ஸ், அதாவது வங்கி அதிகாரி வேலைக்கான முதல்கட்டத் தேர்வு, நெருங்கும்போது புதுப் புத்தகத்தைத் தொடாதீங்க. நிறைய பேர் மாக் டெஸ்ட் (மாதிரித் தேர்வு) எழுதி மார்க்கைப் பார்த்ததும் அடுத்ததுக்குத் தாவிடறாங்க, எனக்கு அதுதான் ரொம்ப வருத்தம். தப்பான ஒவ்வொரு கேள்வியும் ஏன் தப்பாச்சு? ஃபார்முலா மறந்ததா, அவசரமா, கேள்வியே புரியலையா? அதைக் கண்டுபிடிக்க டெஸ்ட் எழுதின நேரத்தைவிட அதிக நேரம் ஆனாலும் பரவாயில்லை.

ஒவ்வொரு பகுதிக்கும் 20 நிமிஷம்தான். ரீசனிங்ல யார் எங்கே உட்கார்ந்திருக்காங்கன்னு கண்டுபிடிக்கிற ஒரே சீட்டிங் அரேஞ்ச்மென்ட் புதிரைப் பிடிச்சுத் தொங்காதீங்க, சுலபமான கேள்விகள் பின்னாடி காத்திருக்கும். தப்பான விடைக்கு அந்தக் கேள்வியோட மதிப்பெண்ல கால் பங்கு போயிடும். விட்டுட்டா எதுவும் குறையாது.

ஹால் டிக்கெட்லயும் ஒரிஜினல் அடையாள அட்டையிலயும் பேர் ஒரே மாதிரி இருக்கான்னு இன்னிக்கே பாருங்க. அடையாள அட்டையா ரேஷன் கார்டை ஏத்துக்க மாட்டாங்க.