ரெட்டு போச்சு, ஃபாலோ வரலை

வடசென்னையில் வியாசர்பாடியிலோ புது வண்ணாரப்பேட்டையிலோ சாயங்காலம் ஒரு தெருவுக்குள் நுழைந்தால் கேரம் போர்டு கண்ணில் படாமல் போகாது. ஒன்பது வயசுப் பிள்ளை ரெட்டைப் போட்டுவிடும். கையோடு தன் காயின் ஒன்றையும் போட வேண்டும், அதுதான் ஃபாலோ. அது தவறும். ரெட்டு மறுபடி நடுவுக்கு வந்துவிடும். அந்த நேரம் முகத்தைப் பாருங்கள். உதடு பிதுங்கும், கை போர்டின் ஓரத்துக்குப் போகும், காயின் எல்லாம் சிதறும்.

தோல்வியைத் தாங்கும் மனசைப் பழக்க இதைவிட நல்ல இடம் கிடையாது. ஆனால் பெரியவர்கள் பாவம் பார்த்து வேண்டுமென்றே தோற்பார்கள். இல்லையென்றால் "இதுக்கெல்லாமா அழுவே" என்று அதட்டுவார்கள். விட்டுக்கொடுப்பதைப் பிள்ளை சீக்கிரமே கண்டுபிடித்துவிடும், அப்புறம் ஜெயித்தாலும் ருசிக்காது. அதட்டினால் அழுகை நிற்கும், பிள்ளை போர்டு பக்கமே வராது.

ஆட்டத்தைச் சமப்படுத்துங்கள். ஆளுக்கு ஒன்பது காயினில் பிள்ளையுடையதில் மூன்றை முதலிலேயே எடுத்து வைத்துவிட்டு, நீங்கள் முழு மூச்சாக ஆடுங்கள். பத்து போர்டில் நாலைந்து பிள்ளை ஜெயித்தால் அளவு சரி. எட்டு ஜெயித்தால் சலுகையில் ஒரு காயினைக் குறையுங்கள். ஒன்றுமே ஜெயிக்காவிட்டால் கூட்டுங்கள். "மூணு போர்டு, தோத்தவங்க அடுத்து பிரேக்" என்று ஆரம்பிக்கும் முன்பே பேசிக்கொள்ளுங்கள். கோபம் வந்தால் ஸ்ட்ரைக்கரை வைத்துவிட்டு, மூன்று எண்ணி மூச்சை இழுத்து, ஆறு எண்ணி விடட்டும், ஐந்து தடவை. இதைச் சாதாரண நாளிலேயே பழக்கி வைக்க வேண்டும். கொதிக்கும்போது சொல்லிக் கொடுத்தால் மண்டையில் ஏறாது.

காலாண்டுப் பேப்பர் வீட்டுக்கு வரும் நாளும் இதே கதைதான். முதல் அரை மணி நேரம் மார்க் பேச்சே வேண்டாம். கை கால் கழுவி, எதையாவது சாப்பிடட்டும். பசியோடு இருக்கும் பிள்ளைக்குப் புத்திமதியும் திட்டாகத்தான் கேட்கும். பிறகு பென்சிலை அதன் கையிலேயே கொடுத்து, மார்க் போன ஒவ்வொரு இடத்திலும் ஓர் எழுத்து போடச் சொல்லுங்கள். தெரியாததற்கு 'தெ', கவனப்பிசகுக்கு 'க', நேரம் போதாததற்கு 'நே'. கணக்கில் 100க்கு 32 என்று வைத்துக்கொள்வோம். போன 68இல் தெரியாமல் போனது 30, கூட்டலில் கோட்டை விட்டது 14, தொடாமலே விட்டது 24 என்று வரும். "எனக்குக் கணக்கே வராது" என்று வந்த பிள்ளைக்கு இப்போது பிடித்துக்கொள்ள ஏதோ ஒன்று கிடைக்கிறது. 'நே'வுக்குக் கடிகாரம் வைத்துப் பத்து நிமிடப் பயிற்சி, தெரிந்த கேள்வி முதலில். 'தெ'யில் இரண்டே கணக்கை மட்டும் எடுத்துக்கொண்டு மறுநாள் டீச்சரிடம் போகட்டும். கேட்பது பிள்ளையாக இருக்கட்டும், நீங்கள் வேண்டாம்.

எதிர் வீட்டுப் பிள்ளையின் மார்க்கை இழுத்தால் எல்லாம் கெட்டது. வகுப்பில் மார்க்கை உரக்கப் படிக்கும் டீச்சர்களுக்கும் ஒரு வேண்டுகோள்: அப்படிப் படித்தால் பிள்ளைகள் பேப்பரை ஒளிக்கத்தான் கற்றுக்கொள்வார்கள். திருத்தி எழுதி வந்தால் வாங்கிப் பாருங்கள், அது போதும்.

"எல்லாத்தையும் தாங்கிக்கணும்" என்று பிள்ளையிடம் சொல்லாதீர்கள். பள்ளியில் அடிப்பதையும் அவமானப்படுத்துவதையும் 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் தடை செய்திருக்கிறது. அதை நிறுத்த வேண்டியது பெரியவர்கள் வேலை, குழந்தைகள் உதவி எண் 1098க்குப் பேசலாம். திங்கட்கிழமை காலையில் மட்டும் வயிற்றுவலி வந்தால் பள்ளியில் என்ன நடக்கிறது என்று விசாரியுங்கள். இரண்டு வாரமாகத் தூக்கமும் விளையாட்டும் போய்விட்டால் ஸ்டான்லி ஆஸ்பத்திரி மனநலப் பிரிவுக்குக் கூட்டிப் போங்கள். செத்துப்போகலாம் என்ற பேச்சு வந்தால் ஒரு நாளும் காத்திருக்க வேண்டாம், பிள்ளையைத் தனியாகவும் விட வேண்டாம். 14416, டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண், ராத்திரியிலும் எடுப்பார்கள்.

ஹவாயின் கவாய்த் தீவில் 1955இல் பிறந்த 698 குழந்தைகளை உளவியலாளர் எம்மி வெர்னர் குழுவினர் பல பத்தாண்டுகள் கவனித்துவந்தார்கள். வறுமையும் சண்டையும் நிறைந்த வீடுகளில் வளர்ந்தவர்களிலும் மூன்றில் ஒரு பங்கினர் நல்லபடியாகத் தலையெடுத்தார்கள். அவர்களிடம் பொதுவாகக் காணப்பட்டவற்றில் ஒன்று, மாறாமல் கூடவே நின்ற ஒரு பெரியவர். அப்பா அம்மாவாகத்தான் இருக்க வேண்டும் என்றில்லை. காசிமேட்டில் அப்பா கடலுக்கும் அம்மா விடியுமுன் மீன் ஏலத்துக்கும் போகிற வீட்டில் அது ஆயாவாக இருக்கலாம், மாடி வீட்டு அக்காவாக இருக்கலாம். தினம் பதினைந்து நிமிடம், ஒரே நேரத்தில், போனைக் கவிழ்த்து வைத்துவிட்டுப் பிள்ளையோடு உட்கார்ந்தால் போதும். ஏழு மணி என்றால் ஏழு மணிதான். வர முடியாத நாளில் மத்தியானமே சொல்லியனுப்பிவிடுங்கள், பிள்ளை வாசலில் காத்துக்கொண்டிருக்கும்.