இனிஷியல் இல்லாத மாணவன்

எங்கள் கல்லூரியில் ‘இன்டர்நேஷனல் செல்’ என்று ஒன்று இருந்தது. இருந்தது என்றால், வாசலில் பலகை இருந்தது. வெளிநாட்டு மாணவர்களைச் சேர்க்கும் நிறுவனம் அவர்களுக்கென்று தனி அலுவலகம் வைக்க வேண்டும் என்கிறது 2020 தேசியக் கல்விக் கொள்கை. கல்லூரிகளின் தரத்தை மதிப்பிடும் நாக் குழு வந்தாலும் கேட்கும். அதனால் பலகை. 2023 ஜூலையில் தான்சானியாவிலிருந்து நிஜமாகவே ஒரு மாணவன் வந்து இறங்கினான். பொறுப்பு என் தலையில் விழுந்தது.

அட்மிஷன், விசா எல்லாம் சுலபமாக முடிந்தன. சாப்பாட்டைப் பற்றித்தான் பயந்தேன். அவனோ மெஸ்ஸில் களியைப் பார்த்ததும் “இது எங்க ஊர் உகாலி” என்று சொல்லி இரண்டு உருண்டை வாங்கிக்கொண்டான்.

மாட்டிக்கொண்டது எங்கள் ஆபீஸ் மென்பொருளில். இனிஷியல், சாதிப் பிரிவு, ஆதார் எண் மூன்றையும் நிரப்பாமல் அது அடுத்த பக்கம் போகாது. ஆபீஸ் அண்ணன் அசரவில்லை. பையனின் அப்பா பெயரில் முதல் எழுத்தை இனிஷியலாக்கி, ஓ.சி. என்று போட்டு, ஆதாருக்குப் பன்னிரண்டு பூஜ்யம் அடித்துவிட்டார். “சிஸ்டம் ஏத்துக்கிச்சு மேடம்” என்றார் பெருமையாக. (182 நாள் இங்கே தங்கிய பிறகுதான் வெளிநாட்டவர் ஆதாருக்கு விண்ணப்பிக்கவே முடியும்.)

180 நாளுக்கு மேற்பட்ட மாணவர் விசாவில் வருபவர் 14 நாளுக்குள் எஃப்.ஆர்.ஆர்.ஓ. என்ற வெளிநாட்டவர் பதிவு அலுவலகத்தில் பதிய வேண்டும் என்பது எனக்குத் தெரியும். ஒன்பதாம் நாள்தான் ஆவணங்களை எடுத்து வைத்தேன். பாஸ்போர்ட்டில் மூன்று சொல்லில் பெயர். இவன் எங்கள் மாணவன் என்று நாங்கள் கொடுத்த போனஃபைட் சான்றிதழில் அதில் ஒன்று மட்டும், முன்னால் இனிஷியல். பார்த்தால் இரண்டு வேறு ஆட்கள். அப்புறம் ‘சி’ படிவம். வெளிநாட்டவர் வந்து தங்கிய 24 மணி நேரத்துக்குள் தங்க இடம் கொடுத்தவர் அனுப்ப வேண்டியது. ஹோட்டலுக்கு மட்டும்தான் என்று வார்டன் நினைத்திருந்தார், நானும்தான். அதை ஆன்லைனில் அனுப்ப எங்கள் ஹாஸ்டலுக்கு யூசர் ஐடியே கிடையாது.

பதற்றத்தில் இன்னொரு முட்டாள்தனம் செய்தேன். பையனையும் கூட்டிக்கொண்டு ராத்திரி ரயிலில் சென்னை எஃப்.ஆர்.ஆர்.ஓ.வுக்குக் கிளம்பிவிட்டேன். நேரில் போனால்தான் வேலை நடக்கும் என்று பழகிய புத்தி. வாசலிலேயே நிறுத்தி, “எல்லாம் ஆன்லைன்தான், மெயில் வந்தா மட்டும் வாங்க” என்றார்கள். 2018-லிருந்தே அப்படித்தானாம். திரும்பி வர முன்பதிவில்லாத பெட்டி, விழுப்புரம் வரை நின்றுகொண்டே வந்தோம். அவன் ஒரு வார்த்தை முணுமுணுக்கவில்லை. அதுதான் எனக்கு இன்னும் கூச்சமாக இருந்தது.

காப்பாற்றியவர் உள்ளூர் ஏட்டய்யா. மாவட்டங்களில் வெளிநாட்டவர் பதிவு எஸ்.பி. அலுவலகத்தின் பொறுப்பு. அங்கே அந்தப் பிரிவைப் பார்க்கும் அவர் அன்றைக்கே ஹாஸ்டல் ஐடிக்கு ஒப்புதல் வாங்கித் தந்தார். தாமதத்துக்கு வார்டனிடம் விளக்கக் கடிதம் வாங்கச் சொன்னதும் அவர்தான். புது போனஃபைடை லெட்டர்பேடில் கையாலேயே டைப் செய்து பிரின்சிபாலிடம் கையெழுத்து வாங்கினோம். பதின்மூன்றாம் நாள் இரவு விண்ணப்பம் போனது. சில நாளில் பதிவுச் சான்றிதழ் மெயிலில் பி.டி.எஃப். ஆக வந்தது. அபராதம் இல்லை. ஆபீஸ் அண்ணனுக்கு டீ வாங்கிக் கொடுத்தேன், ஏன் என்று எனக்கே தெரியவில்லை.

இந்தப் பொறுப்பு உங்களுக்கு வந்தால், மாணவன் விமானம் ஏறும் முன்பே ஹாஸ்டலுக்கு ஐடி வாங்கி வைத்துவிடுங்கள். பெயரைப் பாஸ்போர்ட்டைப் பார்த்து எழுத்துக்கு எழுத்து அப்படியே எழுதுங்கள். நம் வழக்கத்துக்குச் சுருக்க வேண்டாம். அவன் ஹாஸ்டலை விட்டு வெளியே வீடு எடுத்தால் அந்த முகவரி மாற்றத்தையும் தெரிவிக்க வேண்டும். இதைப் பலரும் மறந்துவிடுகிறார்கள்.

மென்பொருள் இன்னும் மாறவில்லை. ஆனால் இனிஷியல் கட்டத்தில் வெறும் புள்ளி வைத்தால் அது ஏற்றுக்கொள்கிறது. கண்டுபிடித்தது அந்தப் பையன்தான்.