வளிமண்டலப் படைகள்: உயரங்களுக்கு முன் வெப்பநிலைக் கோட்டைப் படியுங்கள்

உயர்தரம் படிக்கும்போது ஒரு தவணைப் பரீட்சையில் வளிமண்டலப் படைகள் வந்தது. கீழிருந்து மேலே மாறன், படை, இடை, வெப்ப மண்டலம் என்று பெயரும் உயரமும் எனக்குத் தண்ணீர் பட்ட பாடு. ஆனால் படை மண்டலத்தில் உயரே போகப் போக வெப்பநிலை ஏன் கூடுகிறது என்ற உபபிரிவுக்கு, ‘சூரியனுக்குக் கிட்டப் போவதால்’ என்று எழுதிவிட்டேன். ரீச்சர் பக்கத்தில் சிவப்புப் பேனையால் ஒரு வரி எழுதியிருந்தார்: ‘அப்படியென்றால் இடை மண்டலம் ஏன் குளிர்கிறது?’

அதற்கு விடை தேடிய கிழமையில்தான் இந்தப் பாடம் எனக்கு விளங்கியது. சூரியன் 15 கோடி கிலோமீற்றருக்கு அப்பால் இருக்கிறது. 50 கிலோமீற்றர் ஏறினால் என்ன கிட்டப் போய்விடும்? ஒவ்வொரு படையிலும் நீங்கள் கேட்க வேண்டியது ஒன்றுதான்: இதற்குச் சூடு எங்கிருந்து வருகிறது?

மாறன் மண்டலத்துக்குச் சூடு தருவது நிலம். வெயில் நிலத்தைச் சுடவைக்கிறது, நிலம் காற்றைச் சுடவைக்கிறது. ஆகவே நிலத்தை விட்டு விலக விலகக் குளிர், கிலோமீற்றருக்குச் சராசரியாக 6.5 பாகை செல்சியஸ். தாழ்ந்த நிலமான வன்னியில் 28 பாகை என்று வையுங்கள். நுவரெலியா 1,868 மீற்றர் உயரம். பெருக்கிப் பார்த்தால் 12 பாகை குறைய வேண்டும், 16 வரும். நுவரெலியாவின் ஆண்டுச் சராசரியும் ஏறக்குறைய அதுதான். இந்தக் கணக்கை விடையில் ஒரு வரியாகச் சேருங்கள். விளங்கி எழுதிய பிள்ளை என்பது திருத்துபவருக்குத் தெரியும்.

படை மண்டலத்தில் சூடு தருவது ஓசோன். புறஊதாக் கதிரை அது உறிஞ்சுவதால் 50 கிலோமீற்றர் வரை வெப்பநிலை ஏறுகிறது. குளிர்ந்த காற்று கீழே, சூடான காற்று மேலே. அப்படி அடுக்கினால் காற்று மேலும் கீழும் புரளாது.

இது எனக்குப் புத்தகத்தில் பிடிபடவில்லை, எங்கள் அடுக்களைப் புகையில்தான் பிடிபட்டது. எங்கள் வீடு மாங்குளத்திலிருந்து ஒட்டுசுட்டான் போகிற பக்கம். தை மாதம், காலபோக அறுவடை நேரம், விடியப்புறம் பனி கொட்டும். அம்மா அடுப்பு மூட்டினால் புகை நேரே மேலே போகாது. முற்றத்துப் பாலை மரத்தின் பாதி உயரம் வரை ஏறி, அங்கே தட்டி நின்று, வயலுக்கு மேலே வெள்ளைச் சேலை விரித்தது போலப் படுத்துவிடும். இரவில் நிலம் குளிர்ந்து, நிலத்தோடு ஒட்டிய காற்றும் குளிர்ந்து, சூடான காற்று அதற்கு மேலே மூடி போல நிற்பதுதான் காரணம். வெயில் ஏறி நிலம் சுட்டதும் அந்த மூடி கலைந்து புகை மேலே கிளம்பும். பனிக்காலத்தில் வெள்ளெனவே எழும்பிப் படிக்கிறவர்கள் ஒருக்கால் வெளியே வந்து பாருங்கள். அதே மூடி பெரிய அளவில் நிரந்தரமாக நிற்கிற இடம்தான் படை மண்டலம்.

ஐப்பசியில் பின்னேர இடிமழைக்கு முன் இரணைமடுக் குளக்கட்டில் நின்றால் இன்னொன்றும் தெரியும். தூரத்தில் குவிந்து எழும்பும் கருமுகிலின் தலை ஓரிடத்தில் தட்டையாகிப் பக்கவாட்டில் விரியும். அந்தத் தட்டையான தலை நிற்பது மாறன் மண்டலத்தின் மேல் எல்லையில். துருவத்தில் அந்த எல்லை 8 கிலோமீற்றர் அளவில், எங்கள் பக்கத்தில் 16 முதல் 18 வரை. விமானங்கள் பறப்பது 10, 12 கிலோமீற்றரில். ஆகவே எங்கள் தலைக்கு மேலே போகிற விமானம் பெரும்பாலும் மாறன் மண்டலத்துக்குள்ளேயே போகிறது. ‘விமானம் என்றால் படை மண்டலம்’ என்று மொட்டையாக எழுதாதீர்கள். உயர் அகலக்கோடுகளில் படை மண்டலத்தின் கீழ்ப்பகுதியிலும் பறக்கின்றன, அங்கே காற்று குழப்பமில்லாமல் இருக்கும் என்று காரணத்தோடு எழுதுங்கள்.

இடை மண்டலத்தைச் சுருக்கமாகப் படித்தால் போதும். நிலமும் தூரம், ஓசோனும் மிகக் குறைவு. 85 கிலோமீற்றர் அளவில் மறை 90 (−90) பாகை வரை இறங்கும். எரிகற்கள் பெரும்பாலும் எரிந்து போவது இங்கேதான்.

வெப்ப மண்டலத்தில் பலர் சறுக்குவது ஒரு இடத்தில். வெப்பநிலை 1,000 பாகையைத் தாண்டும், ஆனால் துணிக்கைகள் மிக மிக ஐதாக இருப்பதால் அங்குள்ள வெப்பத்தின் அளவு குறைவு. வெப்பநிலை வேறு, வெப்பம் வேறு. இங்கேதான் வானொலியின் சிற்றலையைத் திருப்பி அனுப்பும் மின்னேற்றமுள்ள துணிக்கைகள் (அயன்கள்) நிறைந்திருக்கின்றன. மின்சாரம் இல்லாத யுத்த காலத்தில் வன்னியில் சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, பெடலைச் சுற்றி, டைனமோவில் ரேடியோவைப் பூட்டிப் பிபிசி தமிழோசை கேட்டார்கள். அப்பா அதைச் சொன்னபோது, கடல் தாண்டி வந்த அந்தக் குரல் மேலே பட்டுத் திரும்பியது இந்தப் படையில் என்று அவருக்குச் சொன்னேன். சற்று நேரம் பேசாமல் இருந்தார்.

சரி, பரீட்சை மண்டபத்தில் கேள்வியைக் கண்டதும் பென்சிலும் அடிமட்டமும் எடுங்கள். நிலைக்குத்தில் உயரம், கிடையில் வெப்பநிலை. தரையில் 15, 12 கிலோமீற்றரில் மறை 56, 50 இல் பூச்சியத்துக்குக் கிட்ட, 85 இல் மறை 90. இந்த நான்கும் உலகச் சராசரிப் புள்ளிகள். புள்ளிகளை இணைத்து, கடைசிப் புள்ளியிலிருந்து கோட்டை வலப்பக்கம் ஏறவிடுங்கள். கோடு திரும்புகிற மூன்று இடங்களிலும் எல்லை கீறி, ஒவ்வொரு படைக்குள்ளும் சூடு வரும் இடத்தை ஒரு சொல்லில் குறியுங்கள். எனக்கு இதற்கு நான்கு நிமிடம் போதுமாக இருந்தது. பிறகு விளக்கத்தை அந்தப் படத்தைப் பார்த்தே எழுதலாம்.