பாட்டு எங்கே பிறந்தது? நாலு வார நோட்டு

ஒரு மாதமாக வாரத்துக்கு ஒரு பாட்டு எடுத்துக்கொள்கிறேன். எதையும் படிக்காமல் மூன்று முறை கேட்டு, இது எதிலிருந்து பிறந்திருக்கும் என்ற ஊகத்தை நோட்டில் எழுதுவேன். அப்புறம் கதையைத் தேடிப் படித்துவிட்டு நாலாவது முறை கேட்பேன்.

முதல் வாரம் பீட்டில்ஸ் குழுவின் ‘யெஸ்டர்டே’ (1965). பிரிவின் வலியில் வரிகள் முதலில் வந்திருக்கும், மெட்டு பிறகு சேர்ந்திருக்கும் என்று எழுதினேன். நேர்மாறு. குழுவில் ஒருவரான பால் மெக்கார்ட்னிக்கு மெட்டு கனவில் வந்திருக்கிறது. வேறு யாருடைய மெட்டோ என்ற சந்தேகத்தில் பலரிடம் பாடிக் காட்டிக் கேட்டிருக்கிறார். வரி அமையும்வரை ‘ஸ்க்ராம்பிள்டு எக்ஸ்’ என்று டம்மி வார்த்தை போட்டுப் பாடினாராம். முட்டைப் பொரியல்! நம் தத்தகாரம் செய்கிற வேலைதான். நானும் ‘தா ன னா’ என்று பாடிப் பார்த்தேன். முதல் சுரத்திலிருந்து ஒரு படி இறங்கி, அடுத்த இரண்டும் அங்கேயே நிற்கின்றன. தாளம் போட்டு எண்ணினால், எட்டு பார் (தாளத்தின் ஒரு சுற்று) வரவேண்டிய சரணம் ஏழிலேயே முடிகிறது. இத்தனை வருஷம் கேட்டும் எனக்கு இது தெரியாது.

இரண்டாவது, டீப் பர்ப்பிள் என்ற ராக் குழுவின் ‘ஸ்மோக் ஆன் த வாட்டர்’ (தண்ணீர்மேல் புகை). தலைப்பை உருவகம் என்று நினைத்தேன். நிஜப் புகை! 1971 டிசம்பரில் சுவிட்சர்லாந்தின் மோன்த்ரோவில், ராக் இசைக்கலைஞர் ஃபிராங்க் ஸாப்பா கச்சேரியின்போது கூட்டத்தில் யாரோ தீப்பொறித் துப்பாக்கியால் சுட்டதில் கேசினோவே எரிந்தது. ஆல்பம் பதிவு செய்ய அங்கே வந்திருந்த குழு, ஏரிமேல் பரவிய புகையைப் பார்த்திருக்கிறது. பாட்டு அதை வரிசையாகச் சொல்லிக்கொண்டே போகிறது. நான்தான் கிட்டார் துணுக்கிலேயே காதை வைத்திருந்தேன்.

மூன்றாவது, மறுபடி பீட்டில்ஸ்: ‘ஹே ஜூட்’ (1968). காதல் பாட்டு என்று அடித்துச் சொல்லியிருந்தேன். அது இல்லை. குழுவின் இன்னொருவரான ஜான் லெனனின் மணவாழ்க்கை முறிந்துகொண்டிருந்த நேரம். லெனனின் ஐந்து வயது மகன் ஜூலியனைத் தேற்ற மெக்கார்ட்னி காரில் போகும்போது தொடங்கிய பாட்டு. முதலில் ‘ஜூல்ஸ்’, பாட வசதியாக ‘ஜூட்’. நாலாவது முறை கேட்டபோது, ஒரு பெரியவர் குழந்தையின் தோளில் கை வைத்துப் பேசுவது போலவே கேட்டது. அன்றைக்கு வேறு பாட்டு போடவில்லை.

நாலாவது, பிறந்தநாள் பாட்டு. இதன் மெட்டு 1893இல் ஹில் சகோதரிகள் வெளியிட்ட ‘குட் மார்னிங் டு ஆல்’ என்ற வகுப்பறை வணக்கப் பாட்டு. இரண்டையும் மாற்றி மாற்றிப் பாடினேன். ‘குட்’ என்ற ஒற்றை அசை இருந்த இடத்தில் ‘ஹேப்பி’ என்று இரண்டு அசை. அந்த ஒரு சுரத்தை இரண்டாக உடைத்தால் போதும், மற்றதெல்லாம் அப்படியே பொருந்துகிறது.

இடையில் ஒரு பாட்டுக்கு மூன்று விதமான கதை கிடைத்தது. ஒன்றும் உறுதியாகவில்லை, பக்கத்தையே கிழித்துவிட்டேன். உருவாக்கியவர்களே சொன்னது, அல்லது ஆவணம் இருப்பது மட்டும்தான் இனி நோட்டில் ஏறும்.

ஐந்தாவதுக்கு லெனார்ட் கோஹனின் ‘ஹல்லெலூயா’. இரண்டு முறை கேட்டாயிற்று, ஊகம் இன்னும் எழுதவில்லை.